டிக்கிக்குள் ஓர் இரும்பு விதி

கார் டிக்கியில் இருக்கும் சப்வூஃபருக்குள் 100 வாட் மின்சாரம் போனால், ஒலியாக வெளியே வருவது அரை வாட்கூடத் தேறாது. மீதி எல்லாம் வெப்பம். காந்தத்தின் நடுவே ஆடிக்கொண்டிருக்கும் செம்புக் கம்பிச் சுருளைக் கடைக்காரர்கள் ‘காயில்’ என்பார்கள். அந்தக் காயில் வெப்பத்தைத் தாங்கிக்கொண்டு கருகாமல் இருந்தாலே பெரிய விஷயம். மட்டமான சரக்கைச் சொல்லவில்லை. பெயர் பெற்ற, விலை கூடிய சப்வூஃபர்களின் நிலைமையும் இதுதான்.

பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் 25 முதல் 40 சதவீதம்வரை வேலையாக மாற்றுகிறது. அதையே வீண்செலவு என்று குறை சொல்கிறோம். அதே காரின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் சப்வூஃபர் அரை சதவீதத்தைத் தாண்டுவதே அபூர்வம். அட்டைப்பெட்டியில் ‘1000 வாட்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது, அந்த ஸ்பீக்கர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. அது எவ்வளவு சத்தம் தரும் என்பதற்கு வேறொரு எண் இருக்கிறது. பெட்டியின் ஓரத்திலோ உள்ளே மடித்து வைத்த தாளிலோ சிறிய எழுத்தில் இருக்கும் அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால், பணத்தில் பாதியையும் பேட்டரியையும் காப்பாற்றிக்கொள்ளலாம்.

வல்லக்கோட்டைச் சாலையில்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகும் சாலையில் இருக்கிறது வல்லக்கோட்டை. ஏழடி உயர முருகனுக்காகப் பெயர் பெற்ற ஊர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998 முதல் ஓடுகிறது. ஒரகடம் பக்கம் 2010-இல் ரெனோவும் நிஸானும் சேர்ந்து தொடங்கிய கார் ஆலை, 2012-இல் வந்த பாரத்பென்ஸ் லாரி ஆலை, ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ். இந்தச் சாலையில் கார் என்பது வாங்குகிற பொருள் மட்டும் இல்லை. ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் தங்கள் கையால் பூட்டிவிட்டு வந்த பொருள்.

இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கிரெட்டாவின் உயர்ரக மாடல்களில் போஸ் நிறுவனத்தின் ஒலியமைப்பு ஆலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. மொத்தம் எட்டு ஸ்பீக்கர்கள், அவற்றில் ஒன்று சப்வூஃபர். அந்த சப்வூஃபருக்கு எவ்வளவு இடம், எந்த மூலை, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கூட்டல் குறைச்சல் என்பதையெல்லாம் அந்தக் காரின் உட்புறத்தை அளந்து முடிவு செய்திருப்பார்கள். கீழ்நிலை மாடல் வாங்கியவருக்கு அந்த வசதி இல்லை. அவர் உள்ளூர் ஆக்சசரீஸ் கடைக்குப் போவார். இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னை ஜி.பி. ரோட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போவார். அங்கே உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

“அண்ணே, இது எத்தனை வாட்?”

“இதுவா தம்பி? 1200 வாட். கண்ணாடியே அதிரும்.”

கேள்வியும் தப்பு, பதிலும் தப்பு. ஏன் என்று பார்ப்போம்.

காற்றைப் பிடிப்பது கடினம்

காயில், காந்தம், காகிதக் கூம்பு என்று இன்று நாம் பார்க்கும் ஸ்பீக்கரின் அமைப்பை 1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் வெளியிட்டார்கள். நூறு ஆண்டுகளில் பசை மாறியது, காந்தம் மாறியது, கூம்பின் பொருள் மாறியது; அடிப்படை மாறவில்லை. அதன் பலவீனமும் மாறவில்லை.

பலவீனம் காற்றில் இருக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோதான். அதை அசைப்பதற்காக 12 அங்குல சப்வூஃபரின் கூம்பும் காயிலுமாக 100 முதல் 200 கிராம்வரை எடையுள்ள ஒரு கட்டு முன்னும் பின்னும் ஓட வேண்டியிருக்கிறது. கொடுக்கும் விசையில் பெரும்பகுதி அந்தக் கட்டைத் தள்ளுவதற்கும் திரும்ப இழுப்பதற்குமே போய்விடும்.

அடுத்தது அலைநீளம். நம்மூர் வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 8.7 மீட்டர். 12 அங்குல சப்வூஃபரில் உண்மையில் காற்றைத் தள்ளும் பகுதியின் விட்டம் 25 சென்டிமீட்டர்தான். தென்னங்குச்சியை வைத்து விசிறிக்கொள்வது மாதிரி: கை என்னவோ வேகமாகத்தான் ஆடுகிறது, காற்று பக்கவாட்டில் நழுவிப் போய்விடுகிறது. அலைநீளத்தோடு ஒப்பிட்டால் கூம்பு எவ்வளவு சிறிதோ, அவ்வளவுக்குக் காற்று அதன் பிடியில் சிக்காது. உயர் அதிர்வெண்ணுக்கான ட்வீட்டருக்கு இந்தக் கஷ்டம் குறைவு. பேஸுக்குத்தான் இந்தத் தலைவலி.

வீணாகும் வெப்பம் சும்மா போவதும் இல்லை. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும். காயில் 100 டிகிரி சூடேறினால் தடை 39 சதவீதம் ஏறிவிடும். அதனால் மின்னோட்டம் குறைந்து ஒலி சுமார் 3 டெசிபல் இறங்கும். 3 டெசிபல் என்பது பாதி வாட். அதாவது, 600 வாட் ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) வாங்கியவர் நாலைந்து பாட்டு அலறவிட்ட பிறகு கேட்டுக்கொண்டிருப்பது 300 வாட்டின் சத்தத்தை. பயனுறுதிறன், அதாவது மின்சாரத்தில் ஒலியாக மாறும் பங்கு, கூடிய ஸ்பீக்கரில் இதே சத்தத்துக்குக் குறைந்த மின்சாரமே போதும் என்பதால் காயில் சூடேறுவதும் குறைவு. மிச்சம் இரண்டு பக்கமும் வருகிறது.

சிறிய எழுத்தில் இருக்கும் எண்

அந்த எண்ணுக்குப் பெயர் உணர்திறன். கடையில் ‘சென்சிட்டிவிட்டி’ என்று கேட்டால் புரியும். ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அது. சப்வூஃபர்களில் இது பொதுவாக 80-க்கும் 92-க்கும் இடையே இருக்கும். ஒரு சதவீதப் பயனுறுதிறன் உள்ள ஸ்பீக்கருக்கு 92 டெசிபல். 82 டெசிபல் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, 0.1 சதவீதம்.

டெசிபல் கணக்கில் மூன்றே வாய்ப்பாடு தெரிந்தால் போதும். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரு மடங்கு. 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு. 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 84 டெசிபல் சப்வூஃபருக்கு 600 வாட் கொடுத்துக் கிடைக்கும் சத்தத்தை 90 டெசிபல் சப்வூஃபர் 150 வாட்டில் தந்துவிடும். கடையின் விலைப்பட்டியலில் இந்த ஆறு டெசிபலுக்கு ஆகும் வித்தியாசத்தையும், 150 வாட் ஆம்புக்கும் 600 வாட் ஆம்புக்கும் உள்ள வித்தியாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதிலும் ஒரு வித்தை உண்டு. சில நிறுவனங்கள் ‘ஒரு வாட்’ என்று போடாமல் ‘2.83 வோல்ட்’ என்று போட்டிருக்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் சரியாக ஒரு வாட். 4 ஓமில் அது இரண்டு வாட். 2 ஓமில் நான்கு வாட். ஆகவே 4 ஓம் சப்வூஃபரின் தாளில் 2.83 வோல்ட்டில் 90 டெசிபல் என்றிருந்தால் 3 கழித்து 87 என்று படிக்க வேண்டும். 2 ஓம் என்றால் 6 கழித்து 84. பொய் எதுவும் சொல்லவில்லை, கணக்கு மட்டும் நமக்குச் சாதகமாக இல்லை.

வாட் எண்ணையும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். ‘மேக்ஸ்’, ‘பீக்’ என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு ‘ஆர்எம்எஸ்’ என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்தால் போதும். அது தொடர்ந்து தாங்கும் அளவு. ஆம்ப்களுக்கு அமெரிக்க நுகர்வோர் மின்னணுச் சங்கம் வகுத்த சிஇஏ-2006 என்ற அளவுமுறை இருக்கிறது: 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு ஒரு சதவீதத்துக்குள். இந்த முறையில் அளந்தது என்று போட்டிருந்தால் அந்த வாட் எண்ணை நம்பலாம்.

இரும்பு விதி

‘அப்படியானால் உணர்திறன் கூடியதை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது’ என்று தோன்றும். இயற்பியல் அவ்வளவு சுலபமாக விடாது.

1957-இல் அமெரிக்காவில் தொடங்கிய கேஎல்ஹெச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் மூன்றாவது எழுத்துக்குரியவர் ஜோசப் ஆன்டன் ஹாஃப்மன். அவர் சொன்னது இன்றுவரை ‘ஹாஃப்மனின் இரும்பு விதி’ என்றே வழங்குகிறது. ஆழமான பேஸ், சிறிய பெட்டி, நல்ல பயனுறுதிறன் ஆகிய மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். கணக்காகச் சொன்னால், பயனுறுதிறன் பெட்டியின் கன அளவுக்கும், அது எட்டும் கீழ் அதிர்வெண்ணின் மும்மடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். அந்த மும்மடிதான் கொடுமை. 40 ஹெர்ட்ஸ்வரை இறங்குவதை 20 ஹெர்ட்ஸ்வரை இறக்க ஆசைப்பட்டால் பெட்டியை எட்டு மடங்கு பெரிதாக்க வேண்டும். பெட்டி அதே அளவு என்றால் பயனுறுதிறன் எட்டில் ஒரு பங்காகும்.

இந்த விதியைக் கடையில் பயன்படுத்தக்கூடிய எண்களாக மாற்றியவர்கள் இருவர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் 1961-இல் ஒரு கட்டுரை எழுதினார். பத்தாண்டுகள் அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. பிறகு சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1972, 1973 ஆண்டுகளில் அதை விரித்து எழுதினார். இன்று எந்த நல்ல சப்வூஃபரின் தாளிலும் இருக்கும் ‘தீல்–ஸ்மால் எண்கள்’ இவர்கள் கொடுத்தவை. அவற்றில் மூன்று நமக்கு முக்கியம். எஃப்எஸ்: கூம்பு தானாக ஆட விரும்பும் அதிர்வெண். வாஸ்: கூம்பைத் தாங்கும் ரப்பர், துணி ஆகியவற்றின் இளக்கத்துக்குச் சமமான காற்றின் அளவு, லிட்டரில். கியூஇஎஸ்: காந்தமும் காயிலும் கூம்பை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கின்றன என்பது, எண் சிறிதானால் பிடி வலுவானது.

எஃப்எஸ்ஸின் மும்மடியை வாஸால் பெருக்கி, கியூஇஎஸ்ஸால் வகுத்து, அதை நூறு கோடியில் 0.964 பங்காக்கினால் பயனுறுதிறன் கிடைக்கும். கைபேசியிலேயே போட்டுவிடலாம். இரண்டு 12 அங்குல சப்வூஃபர்களைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம்.

முதலாவதன் எஃப்எஸ் 30 ஹெர்ட்ஸ், வாஸ் 60 லிட்டர், கியூஇஎஸ் 0.5. பயனுறுதிறன் 0.31 சதவீதம்; உணர்திறன் 87 டெசிபல். இரண்டாவதன் எஃப்எஸ் 25 ஹெர்ட்ஸ், வாஸ் 31 லிட்டர், கியூஇஎஸ் 0.6. பயனுறுதிறன் 0.078 சதவீதம், உணர்திறன் 81 டெசிபல். கூம்பு கனமாக, ‘ஆழமான பேஸ்’ என்று விளம்பரம் செய்யப்படும் வகை இது.

இரண்டும் சுமார் 42 லிட்டர் மூடிய பெட்டியில் ஒழுங்காக உட்காரும். அந்தப் பெட்டிக்குள் முதலாவது 47 ஹெர்ட்ஸ்வரை இறங்கும், இரண்டாவது 33 ஹெர்ட்ஸ்வரை. ‘அப்போது ஆழத்துக்கு இரண்டாவதுதானே?’ என்று கேட்கலாம். இங்கேதான் நிதானிக்க வேண்டும். ‘47-வரை இறங்கும்’ என்றால் 47-இல் நின்றுவிடும் என்று பொருள் இல்லை. அதற்குக் கீழே சரியத் தொடங்கும் என்றுதான் பொருள். 33 ஹெர்ட்ஸில் முதலாவது 7 டெசிபல் சரிந்திருக்கும், இரண்டாவது 3 டெசிபல். கழித்துப் பாருங்கள்: முதலாவது 80, இரண்டாவது 78. ஆழத்துக்காகவே செய்யப்பட்டது, அதன் சொந்த ஊரிலேயே, அதே வாட்டில், இரண்டு டெசிபல் தோற்கிறது. இன்னும் கீழே 25 ஹெர்ட்ஸில் 76-க்கு 75. அதற்கும் கீழே போனால் இரண்டும் சமமாகும். முதலாவது பின்தங்குவதே இல்லை.

இரும்பு விதி இதனால் உடைந்துவிடவில்லை. இரண்டாவது சப்வூஃபர் ஆழத்தில் கூடுதலாக எதையும் தரவில்லை. மேலே உள்ள 50, 60, 80 ஹெர்ட்ஸைக் குறைத்துக்கொண்டு வரைபடத்தைத் தட்டையாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் அமைதியான அறையில் அந்தத் தட்டை வரைபடத்துக்கு மதிப்பு உண்டு. காரில் அது தேவையே இல்லை.

கார் இலவசமாகத் தருவது

காரின் உட்புறம் சின்ன அறை. முன் கண்ணாடியிலிருந்து டிக்கிக் கதவுவரை இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அலைநீளத்தின் பாதி இந்த நீளத்துக்குச் சமமாகும் அதிர்வெண் 70 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே ஒலி, அலையாக ஓடித் திரும்புகிறது. அதற்குக் கீழே அலை விரிவதற்கு இடமே இல்லை. கூம்பு முன்னே வரும்போது கேபினில் இருக்கும் காற்று முழுவதும் ஒரே சமயத்தில் அழுத்தப்படுகிறது. சைக்கிள் பம்புக்குள் நடப்பதற்கும் இதற்கும் இயற்பியல் ஒன்றே. இதனால் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் காருக்குள் ஒலி 12 டெசிபல்வரை தானாகவே ஏறும். இதைக் கேபின் கெயின் என்பார்கள்.

மூடிய பெட்டியில் உள்ள சப்வூஃபர் தன் எல்லைக்குக் கீழே அதே 12 டெசிபல் கணக்கில்தான் சரிகிறது. ஒன்று இறங்க, ஒன்று ஏற, இரண்டும் ஏறக்குறையச் சரிக்கட்டிக்கொள்ளும். உண்மைக் காரில் கதவுத் தகடு நெளியும், ரப்பர் விளிம்புகளில் காற்று கசியும். முழு 12 கிடைக்காது. அப்படியும் 33 ஹெர்ட்ஸில் கணக்குப்படி வரவேண்டிய 13 டெசிபலில் பாதி வந்தாலே, நம் முதல் சப்வூஃபர் இழந்த 7 டெசிபல் திரும்ப வந்த மாதிரிதான்.

இரும்பு விதியின் மூன்றில் எதை விடுவது என்ற கேள்விக்குக் காரைப் பொறுத்தவரை பதில் இங்கே இருக்கிறது. ஆழத்தைக் கார் கொடுத்துவிடும். சிறிய பெட்டியும் நல்ல உணர்திறனும் மட்டும்தான் நாம் காசு கொடுத்து வாங்கவேண்டியவை. ஆழமான பேஸ் என்ற பெயரில் கனத்த கூம்பும் குறைந்த உணர்திறனும் கொண்டதை வாங்கி, அதை ஆட்ட ஒரு ராட்சச ஆம்ப் வாங்குவது, வீட்டுக்கான தீர்வைக் காருக்குள் இழுத்து வருவது.

நம் பாட்டுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்றும் பார்க்கலாம். வழக்கமான பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாடல்களில் நாம் விரும்பிக் கேட்கும் அந்த பேஸ் ஓட்டமெல்லாம் இதற்கு மேலேதான். கிக் டிரம்மின் அடி 50 முதல் 80 ஹெர்ட்ஸ். கம்ப்யூட்டரில் செய்த இன்றைய சில பாடல்களில் மட்டும் 30 ஹெர்ட்ஸ் பக்கம் கனம் இருக்கிறது.

எஞ்சினோடு போட்டி

ஓடும் காரில் சப்வூஃபருக்கு இன்னொரு எதிரி, எஞ்சின். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. ஒரகடத்தில் தயாராகும் ரெனோ க்விட்டுக்கு மூன்று சிலிண்டர். நிமிடத்துக்கு 1800 சுற்றில் ஓடினால் அதன் வெடிப்பு அதிர்வெண் 45 ஹெர்ட்ஸ். நான்கு சிலிண்டர் காருக்கு அதே வேகத்தில் 60. பக்கத்தில் வரும் ஆறு சிலிண்டர் லாரிக்கு 1500 சுற்றில் 75. எல்லாம் நம் பேஸின் எல்லைக்குள்தான். சாலையின் இரைச்சலும் கீழ் அதிர்வெண்களில்தான் அதிகம். நிற்கும்போது அருமையாகக் கேட்ட பேஸ், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காணாமல் போவது இதனால்தான்.

நம் காதும் இந்தப் பக்கம் மந்தம். 1000 ஹெர்ட்ஸில் 2, 3 டெசிபலே கேட்கும் காதுக்கு, 40 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கத் தொடங்கவே சுமார் 51 டெசிபல் வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 226 தரவரையறை. அமெரிக்காவில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இந்த மந்தத்தை வரைபடமாக்கிவிட்டார்கள். அதே வரைபடம் இன்னொன்றையும் காட்டும்: கேட்கத் தொடங்கிய பிறகு, கீழ் அதிர்வெண்ணில் சத்தம் காதுக்கு வேகமாக ஏறும். நடு அதிர்வெண்களில் 10 டெசிபல் ஏற்றினால்தான் ‘இரட்டிப்பு’ என்று தோன்றும். பேஸில் ஐந்தாறு டெசிபலிலேயே அந்த உணர்வு வந்துவிடும். உணர்திறனில் ஆறு டெசிபல் வித்தியாசம் என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும் வித்தியாசம் இல்லை.

சத்தத்தை அளக்கும் மீட்டருக்கும் இந்த மந்தத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ‘ஏ’ அளவீட்டில் 40 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 35 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்று வைத்திருப்பது இந்த ‘ஏ’ அளவில்தான். தெருவில் நிற்கும் காரிலிருந்து 85 டெசிபலில் 40 ஹெர்ட்ஸ் வந்து எதிர்வீட்டு ஜன்னலை ஆட்டினாலும் மீட்டர் 50 என்றே காட்டும். பகல் கணக்கில் சட்டத்துக்குள்தான். இரவு ஷிப்டு முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவரிடம் அந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்கலாம்.

பெட்டியும் பேட்டரியும்

மூடிய பெட்டியா, ஓட்டை வைத்த போர்ட்டட் பெட்டியா? எஃப்எஸ்ஸைக் கியூஇஎஸ்ஸால் வகுத்துப் பாருங்கள். 50-ஐ ஒட்டி வந்தால் மூடிய பெட்டி. 100-ஐ ஒட்டி வந்தால் போர்ட்டட். இடையில் வந்தால் இரண்டுக்கும் ஒத்துவரும். நம் முதல் சப்வூஃபருக்கு 60. போர்ட்டட் பெட்டி அதன் சுருதி அதிர்வெண்ணை ஒட்டி சில டெசிபல் கூடுதலாகத் தரும், ஆம்பின் வேலை குறையும். ஆனால் பெட்டி பெரிதாகும், கேபின் கெயினோடு சேர்ந்து ஒரே ஸ்வரத்தில் ‘தொம் தொம்’ என்று அடைக்கும், சுருதிக்குக் கீழே கூம்புக்குப் பிடிமானமே இருக்காது. மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டிவிடும் சப்சோனிக் ஃபில்டர் ஆம்பில் இல்லாமல் போர்ட்டட் பெட்டி வைத்தால் கூம்பு கிழிய வாய்ப்பு உண்டு. ஹேட்ச்பேக்கின் டிக்கி 250 முதல் 300 லிட்டர்தான். ஸ்டெப்னியும் பையும் போக 40 லிட்டர் மூடிய பெட்டி என்பதே நியாயமான ஒப்பந்தம்.

பெட்டி செய்யும்போது 18 மில்லிமீட்டர் பலகை, மூலைகளில் குறுக்குச் சட்டம், எல்லா மூட்டிலும் பசைக்கு மேல் சிலிக்கான். எம்டிஎஃப் கனமாக, அதிராமல் நிற்கும். ஆனால் மழைக்காலத்து ஈரம் பட்டால் ஊதிவிடும். நம் ஊருக்கு மெரைன் பிளைவுட் நிம்மதி. முடிந்ததும் கூம்பை இரண்டு கையாலும் சீராக மெதுவாக அழுத்திவிட்டு விடுங்கள். சட்டென்று துள்ளித் திரும்பினால் எங்கோ கசிகிறது; சோம்பலாக எழுந்து வந்தால் பெட்டி இறுக்கம்.

அடுத்தது மின்சாரம். எண்பது சதவீதப் பயனுறுதிறன் உள்ள ‘கிளாஸ் டி’ ஆம்ப், 13.8 வோல்ட்டில் 600 வாட் தர 54 ஆம்பியர் இழுக்கும். அதே சத்தத்தை 150 வாட்டில் தரும் சப்வூஃபர் என்றால் 14 ஆம்பியருக்குள். சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் பொதுவாக 60 முதல் 90 ஆம்பியர். அதிலேயே ஏசி விசிறி, ஹெட்லைட், எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் ஓட வேண்டும். எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது அந்த அளவும் வராது. பாட்டில் உச்சம் நொடிக்குச் சில முறைதான் வரும் என்பதால் சராசரி இழுவை இதில் ஒரு பங்குதான். ஆனாலும் ஒரகடம் சந்திப்பில் சிக்னலுக்கு நிற்கும்போது டிரம் அடிக்கு அடி ஹெட்லைட் மங்குகிறதே, அது 54 ஆம்பியரின் வேலை.

இதற்கு மருந்தாகக் கடையில் ஒரு ஃபாரட் கெப்பாசிட்டரைக் காட்டுவார்கள். நீல விளக்கு எரியும், பார்க்க அழகு. 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது அது தரும் ஆற்றல் 26 ஜூல். 600 வாட் ஆம்பின் பசிக்கு அது நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் தாங்கும். அந்தக் காசைத் தரமான செம்புக் கம்பியில் போடலாம். விலை மலிவான கம்பி பலவற்றில் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. தடை ஒன்றரை மடங்குக்கு மேல். எந்தக் கம்பியானாலும் பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். வழியில் தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பது அது ஒன்றுதான்.

இரட்டைக் காயில் சப்வூஃபரை 2 ஓமாக இணைத்தால் ஆம்ப் கூடுதல் வாட் தரும் என்பார்கள். தரும். அதைப் பேட்டரியிலிருந்துதான் எடுத்துத் தரும்; ஸ்பீக்கரின் பயனுறுதிறன் இம்மியும் ஏறாது. உண்மையில் ஏற்ற வேண்டுமென்றால் ஒரே மாதிரி இரண்டு சப்வூஃபர்களை அருகருகே வைத்து அதே வாட்டை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். 3 டெசிபல் ஏறும். பெட்டி இரு மடங்காகும். ஹாஃப்மன் சிரித்துக்கொண்டிருப்பார்.

ஆக வாங்கும் வரிசை இதுதான். முதலில் டிக்கியில் எத்தனை லிட்டர் விட்டுக்கொடுக்க முடியும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த லிட்டரில் உட்காரும் சப்வூஃபர்களில், ஒரு வாட் கணக்குக்குத் திருத்தி எழுதிய உணர்திறன் எதற்குக் கூடுதல் என்று பார்க்க வேண்டும். கூம்பு சிதையாமல் எவ்வளவு தூரம் ஓடும் என்ற ‘எக்ஸ்மேக்ஸ்’ எண்ணையும் பார்க்க வேண்டும். அதிர்வெண் பாதியானால் அதே சத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு ஓட வேண்டியிருக்கும். தீல்–ஸ்மால் எண்களே இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆம்ப் கடைசியில். அதன் அளவைச் சப்வூஃபரும் ஆல்டர்னேட்டரும் சொல்லிவிடும்.

2025 ஜனவரியில் அறிமுகமான மின்சார கிரெட்டா இதே தொழிற்சாலைப் பகுதியிலிருந்துதான் வருகிறது. அதன் பெரிய பேட்டரி 51.4 கிலோவாட் மணி. சராசரி 50 வாட்டில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால் அதில் போவது ஆயிரத்தில் ஒரு பங்கு; வண்டி ஓடும் தூரத்தில் அது தெரியவே தெரியாது. தெரியப்போவது வேறு. 45, 60 ஹெர்ட்ஸில் பாட்டோடு மல்லுக்கட்டிய எஞ்சின் அங்கே இல்லை. டயரின் இரைச்சல் மட்டும் மிச்சம். எஞ்சினை மூழ்கடிக்கத்தான் இத்தனை காலம் வாட்டை ஏற்றிக்கொண்டே போனோம் என்றால், இனி பத்து அங்குலச் சப்வூஃபரும் 100 உண்மையான வாட்டும் பலருக்குத் தாராளம்.